பாலாடையில் ஊற்றிய தூக்கம்

ஆவடி குவார்ட்டர்ஸ்
8-5-1972, இரவு

லோகா அக்காவுக்கு,

நீ போன பதினோரு மாதத்தில் நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. நைனா நைட் ஷிப்டுக்குப் போயிருக்கிறார். அம்மா தூங்குகிறாள். சமையலறை ஜன்னலில் தெருவிளக்கு வெளிச்சம் விழும் இடத்தில் குந்திக்கொண்டு எழுதுகிறேன். உன் பெயரை யாராவது எடுத்தாலே நைனா சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுகிறார். கடிதம் எழுதியது தெரிந்தால் என்ன நடக்கும் என்று உனக்கே தெரியும். பதிலைப் பஞ்சவர்ணம் அக்கா வீட்டு விலாசத்துக்குப் போடு.

உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான். "அம்மா ஆறு மாச வயித்தோட கீறா, நீ மருந்து கலக்கப் படிக்கப் போறியா?" என்று நைனா கேட்டுக்கொண்டிருக்கும்போதே நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேலூர் பஸ் ஏறினாய். செப்டம்பரில் தம்பி பிறந்தான். மதுரைவீரன் என்று பெயர் வைத்து, வீரா என்று கூப்பிடுகிறோம். அவன் என் இடுப்பை விட்டு இறங்குவதில்லை. எனக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்ட மறுநாளே அம்மா ஒரு ஆபீசர் வீட்டில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். காலை எட்டுக்குப் போனால் இரண்டு மணிக்குத்தான் வருகிறாள்.

போன மாதம் பேக்டரியில் நைனா லேத் மிஷின் முன்னால் நின்றபடியே கண் அசந்துவிட்டார். சட்டைக் கை மிஷினில் மாட்டிக்கொண்டது. பக்கத்தில் இருந்த சுலைமான் மாமா ஓடிவந்து சுவிட்சை அணைத்ததால் கை தப்பியது. அன்றிலிருந்து அம்மா வேலைக்குக் கிளம்பும்போது தினமும் ஒரே பேச்சு. "அவரு பகல்ல தூங்கலன்னா கை போயிடும். கை போச்சுன்னா இந்த ஊடு போயிடும். நீ இன்னா பண்ணுவியோ, புள்ள சத்தம் வரக் கூடாது."

பகலில் ஆண்பிள்ளை தூங்கும் வீட்டுத் தாழ்ப்பாளில் சிவப்புத் துணி கட்டுவோமே, அதை நானே தினமும் கட்டுகிறேன். அதைப் பார்த்தால் கீரைக்கார முனியம்மாகூட வாயை மூடிக்கொண்டு கடந்து போகிறாள். பிளாக்கே அடங்குகிறது. வீரா மட்டும் அடங்குவதில்லை. இந்த வெயிலில் அவன் உடம்பெல்லாம் வேர்க்குரு. இருப்பது ஒரே அறை. அவனைத் தூக்கிக்கொண்டு நான் எங்கே போவேன்?

இப்போது பயப்படாமல் படி. நைனாவின் காணாக்கடி அரிப்புக்கு, டிஸ்பென்சரியில் வாங்கியதாகச் சொல்லி உலகநாதன் அண்ணன் ஒரு பாட்டில் கொண்டுவந்து தருகிறார் அல்லவா? அது டிஸ்பென்சரி மருந்து இல்லை, நீ வேலூரிலிருந்து அனுப்புவது என்று அவர் வீட்டுப் பஞ்சவர்ணம் அக்கா என்னிடம் மட்டும் சொல்லிவிட்டாள். பாட்டிலின் பக்கத்தில் காகிதப் பட்டை ஒட்டியிருக்கிறது. ஒரு வேளைக்கு ஒரு வெட்டு என்று கத்தரித்திருக்கிறாய். எழுத்து ஒன்றும் இல்லை. நைனா காலையில் வந்ததும் ஒரு வெட்டு குடிப்பார். முதுகில் தடித்துக் கிடப்பதெல்லாம் அரை மணியில் தணியும். கூடவே கண்ணும் சொருகிவிடும். அரிப்பை நிறுத்தப் போன மருந்துக்குத் தூக்கம் இருக்கும் இடம் எப்படித் தெரிந்தது அக்கா? நான் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். பார்க்கப் பார்க்க எனக்கு மயிர்க்கூச்செடுக்கும்.

நைனா பெரிய உடம்பு, அவருக்கு ஒரு வெட்டு. வீரா சின்ன உடம்பு, அவனுக்கு அரை வெட்டு என்று நானே கணக்குப் போட்டேன். அவனுக்குப் பால் புகட்டும் அந்தச் சின்ன மூக்குக் கிண்ணத்தில் அது சரியாக ஒரு பாலாடை வந்தது. போன வியாழக்கிழமை முதல் தடவை புகட்டினேன். இனிப்பாக இருக்கிறது போல, சப்புக்கொட்டினான். கொஞ்ச நேரத்தில் அழுகை ஓய்ந்து, விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டன. என் முந்தானையைப் பிடித்திருந்த கை அப்படியே நழுவியது. சாமி சன்னதியில் நிற்பதுபோல நின்றேன். நான்கு நாள் கொடுத்துவிட்டேன். அம்மாவுக்குத் தெரியாது. "என் பொண்ணு கைராசி, புள்ள அழறதே இல்ல" என்று தண்ணீர்க் குழாயடியில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஆனால் இன்று ஒன்பது மணிக்குத் தூங்கியவன் மூன்றரைக்குத்தான் எழுந்தான். நடுவில் பால் கேட்கவே இல்லை. உதடு காய்ந்து கிடந்தது. அம்மா திருஷ்டி பட்டுவிட்டது என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். நான் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தப்பு செய்கிறேனா? கேட்க உன்னைத் தவிர யாரும் இல்லை.

கஸ்தூரி


வேலூர்
11-5-1972

கஸ்தூரி,

இந்த வரியை முதலில் படி. வீராவுக்கு இனி அந்த மருந்தில் ஒரு சொட்டுகூடக் கூடாது.

அடுத்தது. இதைப் படிக்கும்போது அவன் தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பிப் பார். பாதத்தைச் சுண்டு. கண் திறந்து அழுதால் நல்லது. எழுந்திருக்காவிட்டாலோ, மூச்சு விட்டு விட்டு வந்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ ஒரு நிமிடம்கூட யோசிக்காதே. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடு. வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று உப்புத் தண்ணீரோ புளித் தண்ணீரோ ஊற்ற யாரையும் விடாதே. தூங்குகிற குழந்தைக்கு அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போ. எத்தனை மணிக்கு எவ்வளவு கொடுத்தாய் என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல். திட்டு வாங்கினால் பரவாயில்லை.

உன் கடிதம் இன்று காலை பத்து மணிக்கு வந்தது. மருந்து கொடுக்கும் ஜன்னலில் நின்றுகொண்டே படித்தேன். எதிரே சீட்டை நீட்டிக்கொண்டு நின்ற கிழவர், "உனக்கே மேலுக்கு முடியலியாம்மா?" என்று கேட்டார். இந்தக் கடிதம் உனக்குச் சனிக்கிழமைதான் கிடைக்கும். அதுவரை மூன்று பகல் இருக்கிறது. அதனால் தபாலாபீசுக்கு ஓடிப்போய் நைனா பெயருக்கே தந்தி கொடுத்துவிட்டேன். "குழந்தைக்கு உங்கள் காணாக்கடி மருந்து தர வேண்டாம், உடனே டாக்டரிடம் காட்டவும்" என்று எழுதினேன். கீழே பெயர் வேண்டுமா என்று குமாஸ்தா கேட்டார். லோகநாயகி என்று முழுப் பெயரையும் எழுதினேன். உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று கோபித்துக்கொள். அவன் உயிரோடு இருந்தால் எவ்வளவு வேண்டுமானாலும் கோபித்துக்கொள்.

உன் கணக்கு எங்கே தவறியது என்று சொல்கிறேன். நைனா அறுபது கிலோ. எட்டு மாதக் குழந்தை ஏழரை கிலோ இருப்பான். எட்டு வீரா சேர்ந்தால் ஒரு நைனா. அப்படிப் பார்த்தால் நீ கொடுத்த அரை வெட்டு, நைனா ஒரே மடக்கில் நான்கு வெட்டு குடித்ததற்குச் சமம். அதுவும் எடைக் கணக்கு மட்டும்தான். இவ்வளவு சின்னக் குழந்தையின் மூச்சும் மூளையும் மருந்தை எப்படித் தாங்கும் என்பது எந்தக் கணக்கிலும் அடங்காது. அளந்து கொடுத்தால்கூடக் கைக்குழந்தைக்குத் தூங்க வைப்பதற்கென்று இதைக் கொடுக்கக் கூடாது.

மருந்தின் பெயர் புரோமெதசின். காணாக்கடியில் வெளியே இருந்து எதுவும் கடிப்பதில்லை. நம் உடம்புக்குள்ளேயே ஹிஸ்டமின் என்று ஒரு பொருள் இருக்கிறது. ஒவ்வாத ஏதோ ஒன்று பட்டதும் அது அவிழ்ந்து ஓடிவந்து, தனக்கென்று இருக்கும் இடங்களில் போய் உட்காரும். உட்கார்ந்ததும் தோல் தடிக்கும், அரிக்கும். இந்த மருந்து முந்திப் போய் அந்த இடங்களில் உட்கார்ந்துகொள்கிறது. வந்தவனுக்கு உட்கார இடம் இல்லை. முதல் நாள் வகுப்பில் இதைக் கேட்டபோது என் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தோலுக்கு அடியிலா இவ்வளவு நடக்கிறது என்று.

அதோடு நிற்காமல் அது மூளைக்குள்ளும் போய்விடுகிறது. அங்கே என்ன செய்து தூங்க வைக்கிறது என்று எங்கள் வாத்தியாரிடம் கேட்டேன். "முழுசா யாருக்கும் தெரியாதும்மா. தெரியாத இடத்துல கை வைக்கறோம். அதனாலதான் அளவு" என்றார்.

நைனாவுக்கும் இது விளையாட்டு இல்லை. போன வருஷம் டிஸ்பென்சரியில் கொடுத்த மாத்திரையை மூன்று வேளையும் விழுங்கிவிட்டு அவர் மிஷின் முன் தூங்கி விழுந்தார். பிறகு அதை நிறுத்திவிட்டு ரத்தம் வரச் சொறிந்தார். அதனால்தான் டாக்டரின் பழைய சீட்டை வைத்து, வேலை முடிந்து வந்து குடிக்கும்படி ஒரே வேளையாக அனுப்பினேன். ஷிப்டுக்குப் போகும் முன் குடிக்கக் கூடாது. சாராயம் குடித்த நாளில் தொடவே கூடாது. இதையெல்லாம் பாட்டிலில் எழுதியிருக்க வேண்டும். எழுதினால் என் கையெழுத்து அவருக்குத் தெரிந்துவிடும் என்று வெறும் பட்டையை ஒட்டினேன். நீ தப்பு செய்தாயா என்று கேட்டாய். முதல் தப்பு என்னுடையது.

லோகா


ஆவடி, ஆஸ்பத்திரி வராந்தா
12-5-1972, விடியுமுன்

அக்கா,

உன் கடிதம் இன்னும் வரவில்லை. தந்தி வந்தது. எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

நேற்றுக் காலை எட்டரைக்கு அவனுக்கு ஒரு பாலாடை கொடுத்தேன். வழக்கம்போலத் தூங்கினான். ஆனால் பத்து மணிக்கு விழித்துக்கொண்டு, இதுவரை பார்க்காத மாதிரி கையையும் காலையும் உதறி உதறிக் கத்தினான். நைனா புரண்டு படுத்தார். நான் பயந்துபோய் இன்னொரு பாலாடை ஊற்றினேன். அவன் அடங்கினான். அப்படி ஒரு அடங்கலை நான் பார்த்ததே இல்லை.

பதினொன்றரைக்குத் தந்திக்காரர் வந்திருக்கிறார். தாழ்ப்பாளில் துணியைப் பார்த்திருக்கிறார். இந்தப் பக்கத்து ஆள்தானே, கதவைத் தட்டாமல் எதிர் வீட்டுத் தாயம்மாவிடம் கையெழுத்துக்குப் பதிலாகக் கைரேகை வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டுப் போய்விட்டார். தாயம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. தந்தி என்றால் சாவுச் சேதிதானே என்று வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதிருக்கிறாள். "பாவம் கன்னியப்பன், தூங்கி எயுந்து கேட்டுக்கட்டும். செத்தவங்க எங்க ஓடிடப் போறாங்க" என்று நைனாவுக்காக இரக்கப்பட்டு, தந்தியை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஒன்றரை மணி நேரம் உன் தந்தி எங்கள் வாசலுக்கு எதிரே இருந்தது.

ஒரு மணிக்கு நான் வீராவைத் தூக்கினேன். தலை பின்னால் தொங்கியது. உடம்பு கொதித்தது. இமையைத் திறந்து பார்த்தேன். கண்மணி பெரிதாக, கண் முழுக்க ஒரே கறுப்பாக இருந்தது. உள்ளே யாரும் இல்லாததுபோல இருந்தது. பாலாடையைக் கையில் வைத்துக்கொண்டு நைனாவின் கால்மாட்டில் நின்றேன். பிறந்ததிலிருந்து நான் அவரைப் பகலில் எழுப்பியதே இல்லை. தொட்டேன். அவர் எழவில்லை. அவருக்குள்ளும் அதே மருந்துதானே. பிறகு உலுக்கினேன். கத்தினேன். சிவப்புத் துணி கட்டிய வீட்டிலிருந்து என் சத்தம் கேட்டு பிளாக்கே வெளியே வந்ததாம்.

"இன்னாடி? ஷிப்டு சைரன் ஊதிட்டானா?" என்று எழுந்தார்.

"நைனா, வீராவுக்கு உன் மருந்தக் குடுத்துட்டேன்."

அவர் என்னை அடிக்கவில்லை. சட்டை போடவில்லை, செருப்பும் போடவில்லை. குழந்தையை அள்ளிக்கொண்டு தார் ரோட்டில் ஓடினார். மே மாத வெயில் அக்கா. நான் பாட்டிலோடும் பாலாடையோடும் பின்னால் ஓடினேன்.

டாக்டர் பாஸ்கரன் என்று ஒருவர். "குழந்தைக்கு என்ன கொடுத்தீங்க?" என்று கேட்டார். அதற்குள் ஓடிவந்துவிட்ட அம்மா, "ஒண்ணும் குடுக்கல டாக்டரு, கண்ணு பட்டுகிச்சி" என்று அழுதாள். "கண்ணு பட்டா கண்மணி இப்படி விரியாதும்மா" என்றார் அவர். நைனா, நானே சொல்லட்டும் என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பாட்டிலை மேஜையில் வைத்துவிட்டு, எட்டரைக்கு ஒரு பாலாடை, பத்து மணிக்கு ஒரு பாலாடை, அதற்கு முன்னால் ஆறு நாள் என்று சொன்னேன். அவர் பாலாடையைக் கேட்டு வாங்கி, தண்ணீர் ஊற்றி அளந்து பார்த்தார். இரண்டு டீஸ்பூன். உடனே வேலையைத் தொடங்கினார்.

நான்கரை மணிக்கு உலகநாதன் அண்ணன் தந்தியோடு வந்தார். ஆங்கிலத்தில் இருந்ததைப் படித்துச் சொன்னார். கடைசியில் உன் பெயரைப் படிக்காமல் விட்டார். "பேரு இன்னா?" என்று நைனா கேட்டார். அவர் சொன்னார். பாட்டில் எங்கிருந்து வந்தது என்பதையும் அங்கேயே சொல்லிவிட்டார். நைனா முதுகைச் சுவரில் தேய்த்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார். ஷிப்டுக்குப் போகவில்லை. சுலைமான் மாமா அவருக்குப் பதிலாக நிற்கிறாராம்.

இந்த மருந்தை முறிக்க இன்னொரு மருந்து கிடையாதாம். "அதுவா இறங்கணும். அதுவரைக்கும் மூச்சை நாம காவல் காக்கணும்" என்று டாக்டர் சொன்னார். நர்ஸ் புஷ்பா அக்கா வீராவை ஒருக்களித்துப் படுக்க வைத்திருக்கிறாள். அரை மணிக்கு ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணுகிறாள். நானும் கூடவே எண்ணுகிறேன். ஒவ்வொரு மூச்சுக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது. அடுத்தது வரும் என்று யாரும் சொல்லித் தராமல் அது எப்படி வருகிறது? எட்டு மாதமாக அவன் என் இடுப்பில் இருந்தபோது ஒரு நாளும் நான் இதைக் கவனித்ததில்லை.

மணி மூன்று. இன்னும் எழவில்லை.

*

கடிதத்தை இங்கே விட்டுவிட்டு உள்ளே போனேன். இப்போது ஐந்தேகால்.

நாலரைக்கு அவன் கட்டைவிரல் அசைந்தது. அம்மா பார்க்கவில்லை, நான் பார்த்தேன். யாரிடமும் சொல்லப் பயமாக இருந்தது. பிறகு கொட்டாவி விட்டான். அவ்வளவு சின்ன வாயில் அவ்வளவு பெரிய கொட்டாவி. புஷ்பா அக்கா பாதத்தில் சுண்டினாள். முகம் கோணியது. உதடு பிதுங்கியது. எல்லாரும் காத்துக்கொண்டிருந்தோம்.

அழுதான் அக்கா! வார்டில் இருந்த மற்றக் குழந்தைகளும் விழித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டன. அம்மா பழக்கதோஷத்தில் "உஸ், உஸ்" என்று அவன் வாயைப் பொத்தப் போனாள். நைனா அவள் கையைப் பிடித்துத் தள்ளினார். "வுடு. கத்தட்டும்" என்றார். மூலையில் சாய்ந்து நின்று, கச்சேரி கேட்பதுபோலக் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டார்.

டாக்டர் வந்து, இன்னும் ஒரு நாள் இங்கேயே இருக்க வேண்டும் என்றார். என் பக்கம் திரும்பி, "நீ மணியோட சொன்னதால, என்ன மருந்துன்னு நாங்க தேடிக்கிட்டு இருக்க வேண்டி வரல" என்றார். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

கஸ்தூரி


வேலூர்
15-5-1972

கஸ்தூரி,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டேன். ஐந்தேகால் என்று நீ எழுதிய இடத்துக்கு வந்ததும் ஒவ்வொரு தடவையும் நிறுத்தி மூச்சு விட்டுக்கொள்கிறேன்.

வாத்தியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பட்டையில் எழுதாமல் அனுப்பியதையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. அன்று முழுக்க மருந்து ஜன்னலில் நிற்க வைத்தார். ஒவ்வொருவருக்கும் பாட்டிலைக் கொடுக்கும்போது, எப்போது, எவ்வளவு, எதற்கு, யாருக்குக் கூடாது என்று வாய்விட்டுச் சொல்லி, அவர்கள் திரும்பச் சொல்லும்வரை பாட்டிலைக் கையிலிருந்து விடக் கூடாது என்றார். நூற்றுப்பத்துப் பேர். தொண்டை கட்டிவிட்டது. "இவ்ளோ நாளா இதெல்லாம் யாரும் சொல்லலியேம்மா" என்று ஒரு அம்மாள் என் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். வாசலிலேயே நிற்க வைத்தாலும் வருகிறேன். வீராவை நான் இன்னும் பார்த்ததே இல்லை. நைனாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. இனி அவருக்குத் தெரியாமல் எதுவும் வேண்டாம்.

லோகா


ஆவடி
18-5-1972

அக்கா,

இந்தக் கடிதத்தைப் பகலில், அறையின் நடுவில் உட்கார்ந்து எழுதுகிறேன். பழக்கமில்லை, அடிக்கடி வாசலைப் பார்த்துக்கொள்கிறேன்.

வீரா நன்றாக இருக்கிறான். நைனா தூங்கும் நேரத்தில் பிளாக்குப் பெண்கள் முறை வைத்து அவனை வாங்கிக்கொள்கிறார்கள். இதை நாங்கள் முன்பே கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். தாயம்மா தினமும் முதல் ஆளாக வந்து நிற்கிறாள். தந்தியை வைத்துக்கொண்டிருந்த குற்றத்துக்கு அபராதமாம்.

நைனா ஒரு வாரமாக மருந்து தொடவில்லை. முதுகெல்லாம் ரத்தக் கோடு. நேற்று அவர் சாப்பிடும்போது, நீ ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னேன். தட்டைத் தள்ளவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ரசம் ஊற்றிய பிறகுதான் வாய் திறந்தார்.

"வர்ட்டும். கேக்க வேண்டியது கீது அவள. மாசக்கணக்கா அவ கலக்கிக் குடுத்தத நான் குட்சிகினு கீறேன். அது என் ஒடம்புக்குள்ள இன்னா பண்ணுதுன்னு ஊர்ல எல்லாருக்கும் தெரியும், எனுக்குத்தான் தெரியாது. குடிக்கிறவனுக்குத் தெரியாம இன்னாடி மருந்து? வந்து என் எதிர்ல ஒக்காந்து சொல்லட்டும்."

கஸ்தூரி